வாயைத் திறந்து பார்க்காமல் கடிவாளம் விற்பவர்களிடம் ஜாக்கிரதை

குதிரைக்குப் புதிதாகப் பிட் (வாய்க்குள் போடும் கடிவாளக் கம்பி) அல்லது பிட் இல்லாத கடிவாளம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

லகானை லேசாகப் பிடித்தாலே என் குதிரை தலையை உதறத் தொடங்கியது. குதிரைச் சாமான்கள் விற்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், எட்ட நின்று பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, அகலத்தை அளக்கவில்லை. "இது திமிர் சார், கொஞ்சம் கண்டிப்பான பிட் போட்டா அடங்கிடும்" என்று கர்ப் பிட் ஒன்றை, அதாவது லகான் மாட்ட இரு பக்கமும் நீளமான தண்டு (கை) வைத்த பிட்டை, என் தலையில் கட்டிவிட்டார்.

அந்தக் கை வெறும் அலங்காரம் இல்லை, நெம்புகோல். வாய்க்கம்பிக்கு மேலே 5 செ.மீ., கீழே 15 செ.மீ. என்றால், நாம் இழுக்கிற விசை ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகும். அது போய் இறங்குவது முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறில். மெல்லிய தோல், அடியில் எலும்பு. இதில் கம்பி அகலம் வேறு அதிகம், வாயில் இப்படியும் அப்படியும் ஓடியது.

உதறல் கூடியது. திரும்பக் கூப்பிட்டால், "அப்போ பிட்டே வேணாம், வாயில ஒண்ணுமே இல்ல, வலிக்கவே வலிக்காது" என்று இரும்புக் கை வைத்த ஹாக்கமோரை, அதாவது வாய்க்குப் பதில் மூக்கின் மேல் பட்டை போட்டு அடக்கும் கடிவாளத்தைக் கொடுத்தார். அதுவும் நெம்புகோல்தான், மூக்கையும் தாடையையும் சேர்த்து இறுக்கும். இதை அவர் சொல்லவே இல்லை. மாட்டிய இடமும் தப்பு. மூக்கின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கீழே கொண்டு போனால், எலும்பு மெலிந்து முடிந்து, அமுங்குகிற குருத்தெலும்பு தொடங்குவது தெரியும். பட்டையைச் சரியாக அங்கே உட்கார வைத்திருந்தார். முடி தேய்ந்து தோல் சிவந்துவிட்டது, மூச்சிலும் சத்தம்.

கால்நடை மருத்துவர் வந்து, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் கடைவாய்ப்பற்களின் வெளி ஓரம் கத்தி போல் கூராகி, கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. மூக்குப்பட்டை இறுகும்போதெல்லாம் கன்னம் அந்தக் கூரிலேயே போய் அழுந்தியிருக்கிறது. பிட் இல்லாததும் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அரம் போட்டுத் தேய்த்து, புண் ஆறியதும், நெம்புகோல் கை இல்லாத பழைய ஸ்னாஃபில் பிட்டையே எந்தத் தகராறும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. திமிராம்!

பிட் இல்லாத கடிவாளம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. கை இல்லாமல், லகானை மூக்குப்பட்டையின் பக்கத்திலேயே மாட்டுகிற சைட்புல் வகை, பல் சரியாக இருக்கிற குதிரைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் எதை வாங்கினாலும் முதலில் மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எப்படியும் காட்ட வேண்டியதுதான். விற்பவர் வாயை அளக்காமலே அளவு சொன்னால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என்னிடம் அந்த ஆள், "எச்சில் பட்ட சாமானை எடுக்க மாட்டோம்" என்று கர்ப் பிட்டுக்குக் கையை விரித்தார். சரி, வாயிலேயே போடாத ஹாக்கமோரையாவது எடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.