ஆயிரம் டப்பாவா, மூன்றே இடமா? இருவர் போகும் ஜியோகேஷிங் பயணம்

யாரோ ஒளித்து வைத்த டப்பாக்களை ('கேஷ்'களை) ஜி.பி.எஸ். துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தால் அதற்கு எங்கே போகலாம்? அமெரிக்காவின் மேற்குப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் இரண்டு பதில் அடிக்கடி வரும். ஒன்று, நெவாடாவின் ஈ.டி. நெடுஞ்சாலை. இன்னொன்று, வாஷிங்டனிலும் ஆரிகனிலுமாக இருக்கும் 'ட்ரையாட்' எனப்படும் மூன்று இடங்கள். நானும் என் கணவரும் இரண்டுக்கும் போய்வந்திருக்கிறோம். ஜோடியாகப் போகிறவர்களுக்கு எது நல்லது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தனியாகப் போகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் நெவாடா. ஈ.டி. நெடுஞ்சாலை எனப்படும் மாநில நெடுஞ்சாலை 375, கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸிலிருந்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை 98 மைல். இடையில் ரேச்சல் என்ற ஒரே ஒரு சிற்றூர். இரண்டு கேஷ்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச இடைவெளியை வைத்தே சாலையோரம் முழுக்க வரிசையாக ஒளித்து வைத்தால் அதுதான் 'பவர் டிரெயில்'. இங்கே ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. பெரும்பாலும் பழைய ஃபிலிம் ரோல் டப்பா, அதன் மேல் நாலு கல்.

ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும், இன்னொருவர் இறங்கி ஓட வேண்டும். நான் ஓட்டினேன், அவர் இறங்கினார். கல்லை நகர்த்து, மூடியைத் திற, கண்டுபிடித்தவர்கள் பெயர் பதிய உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தில் (அதுதான் 'லாக்') ஸ்டாம்பு குத்து, திரும்ப வை, ஏறு. நிமிடத்துக்கு ஒன்று என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தோம். முதல் மணி நேரத்தில் நாற்பதைத் தாண்டவில்லை. மதியத்துக்குள் வெயிலில் ஸ்டாம்பு பேடு காய்ந்துபோய், பேனாவால் இரண்டெழுத்து கிறுக்க வேண்டியதாயிற்று. நேரத்தை மிச்சப்படுத்த, எடுத்த டப்பாவை அடுத்த இடத்தில் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்துக்கொண்டு நகர்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. எடுத்த டப்பா எடுத்த இடத்துக்கே போக வேண்டும்.

எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு விஷயம். அன்று காலை முழுக்க நான் ஒரு டப்பாவைக்கூடத் தேடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "கிடைச்சதா?" "கிடைச்சது." எங்கள் பேச்சே அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் ஐம்பதுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டோம். அப்புறம்தான் பயணம் எனக்கும் சொந்தமானது. போவதென்றால் முதல் டப்பாவிலிருந்தே இப்படி மாறிக்கொள்ளுங்கள். இரவில் ரேச்சலில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்ததும் தலைக்கு மேல் விரிந்த வானத்தை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

ட்ரையாட் முற்றிலும் வேறு ரகம். சியாட்டிலின் ஃப்ரீமான்ட் பகுதியில் ஜியோகேஷிங் தலைமையகம், ஸ்னோக்வால்மி கணவாய்க்குப் பக்கத்தில் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் விளம்பரத்துக்காக வைத்த 'ஏப்' கேஷ், ஆரிகனின் பீவர்க்ரீக் அருகே முதல் கேஷின் நினைவுப் பலகை. மூன்றே மூன்று. எண்ணிக்கைக்காக இங்கே யாரும் போவதில்லை.

ஏப் கேஷுக்குப் பல வழி உண்டு. கணவாய்க்குப் பக்கத்திலுள்ள ஹையாக்கில் வண்டியை விட்டுவிட்டுச் சுரங்கப்பாதை வழியாக நடப்பதைத்தான் நான் சொல்வேன். 1980 வரை ரயில் ஓடிய பாதை, நீளம் சுமார் 2.3 மைல். உள்ளே விளக்கு கிடையாது. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். நுழைந்து சில அடிகளில் இருட்டு, வெகுதூரத்தில் மறுமுனை ஒரு கடுகளவு வெளிச்சமாகத் தெரிந்தது. மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீர், எங்கள் காலடிச் சத்தம், இரண்டு டார்ச். நெவாடாவில் ஒரு நாள் முழுக்கப் பேசாததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தோம். வெளியே வந்ததும் தேடினோம், இருவருமாக. "என்னங்க, இங்க வாங்க!" என்று கூப்பிட்டது நான். இந்தக் கேஷ் 2011-இல் காணாமல் போய், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் உயிர்பெற்றது. அதனாலேயோ என்னவோ, லாக் புத்தகத்தில் எழுதும்போது இருவருக்கும் கை நடுங்கியது.

பீவர்க்ரீக்கில் பார்க்க அதிகம் இல்லை, மரங்களுக்கிடையே ஒரு பலகை. ஆனால் கதை தெரிந்து போக வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் இங்கே ஒரு வாளியைப் புதைத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இணையத்தில் போட்டார். உள்ளே வைத்ததில் ஒரு பீன்ஸ் டின்னும் உண்டு.

ஏற்பாடுகளிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். நெவாடாவுக்கு எல்லாக் கேஷ்களையும் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ள வேண்டும், வழியில் சிக்னலை நம்ப முடியாது. ஜியோகேஷிங் தளத்தில் பணம் கட்டிச் சேர்ந்த பிரீமியம் உறுப்பினர் ஒரு பட்டியலில் 1000 வரை இறக்கலாம். பாதை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் தண்ணீர், நெடுஞ்சாலைக்கு முன்னால் வரும் அலாமோ ஊரிலேயே நிரப்பிய டேங்க். சாலையில் மாடுகள் குறுக்கே வரும், இருட்டியபின் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ட்ரையாட்டுக்குத் தேதிதான் முக்கியம். குளிர்காலத்தில், நவம்பர் முதல் ஏப்ரல் முடிய, சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள். தலைமையகத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். ஹையாக்கில் வண்டி நிறுத்த, வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களுக்கான அனுமதிச் சீட்டான டிஸ்கவர் பாஸ் வேண்டும்.

இருவருக்குமே ஆயிரமாவது கேஷ் என்ற ஆசை இருந்தால் நெவாடாவுக்குப் போங்கள், ஒரே வாரத்தில் நிறைவேறும். ஒருவருக்கு ஆர்வம் அதிகம், மற்றவர் துணைக்கு வருகிறார் என்றால் தயங்காமல் ட்ரையாட். எங்களுக்கு மறுபடி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் அதுதான். வெள்ளிக்கிழமை தலைமையகம், சனி காலை சுரங்கப்பாதை, ஞாயிறு நிதானமாக ஆரிகன். நாலாம் நாளை வழியில் கண்ணில் படும் கேஷ்களுக்கு விட்டுவிடுங்கள். டார்ச்சுக்கு உபரி பேட்டரி கட்டாயம்.