மைண்ட்ஃபுல்னஸ் கற்றுத்தர எந்தப் பயிற்சி? ஆறு வழிகள், ஓர் அலசல்

மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்தக் கணத்தில் நடப்பதை, தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி. அதைக் கற்றுத்தர ஆசிரியர் பயிற்சி என்று இணையத்தில் தேடினால், வாரக் கடைசியில் முடிந்துவிடும் சான்றிதழும் வரும், இரண்டு வருடப் படிப்பும் வரும். இரண்டுமே "நீங்களும் கற்றுத்தரலாம்" என்றுதான் சொல்கின்றன. பாடத்திட்டத்தைப் பார்த்து எது தேறும் என்று கண்டுபிடிப்பது கடினம். எல்லாவற்றிலும் மூச்சு, பாடி ஸ்கேன் (உடலைப் பகுதி பகுதியாகக் கவனிப்பது), நடைத் தியானம், கொஞ்சம் மூளை அறிவியல் இருக்கும். இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்ட முதல் அளவுகோல் வேறு: நீங்கள் வகுப்பு எடுப்பதை அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்கிறாரா, எத்தனை முறை சொல்கிறார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில், எந்தத் திறமையைப் பற்றிப் பேசுகிறோம்?

பிரிட்டனின் பாங்கர், எக்ஸிட்டர், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் இணைந்து உருவாக்கிய எம்பிஐ-டாக் என்ற மதிப்பீட்டு முறை இந்தத் துறையில் பரவலாகப் புழங்குகிறது. ஆசிரியரின் வேலையை அது ஆறாகப் பிரிக்கிறது: வகுப்பின் வேகமும் ஒழுங்கும், பங்கேற்பாளர்களோடு உறவாடும் விதம், சொல்லித்தருவதை ஆசிரியரே வாழ்ந்து காட்டுவது, தியானத்தை வழிநடத்துவது, பாடக்கருத்தை உரையாடல் வழியே கொண்டுசேர்ப்பது, குழுவைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஆறு படிநிலைகள் உண்டு. புதிதாக வருபவர்கள் நான்காவதைத்தான், அதாவது இனிமையான குரலில் தியானம் நடத்துவதைத்தான், முழு வேலையென்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சறுக்குவது ஐந்தாவதில்.

முதல் வாரம், அரைமணி நேரப் பாடி ஸ்கேன் முடிந்திருக்கிறது. ஒருவர் சொல்கிறார்: "எனக்கு முட்டிக்குக் கீழ எதுவுமே தெரியலைங்க." பயிற்சி இல்லாத ஆசிரியர் உடனே, "பரவாயில்லைங்க, பழகப் பழக வந்துடும்" என்பார். அன்பான பதில்தான். ஆனால் தெரியாமல் போனது ஒரு குறை என்று அதிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. வராமல்கூடப் போகக்கூடிய ஒன்றுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. பயிற்சி பெற்றவரிடம் அதே பேச்சு இப்படிப் போகும்:

"தெரியலன்னு எப்போ கவனிச்சீங்க?"
"நீங்க பாதம்னு சொன்னப்போ."
"அப்போ என்ன ஆச்சு?"
"எரிச்சலா வந்துச்சு. மத்தவங்களுக்கெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் இல்லையேன்னு."
"அந்த எரிச்சல் உடம்புல எங்கயாவது தெரிஞ்சுதா?"
"தாடை இறுகி இருந்துச்சு. இப்பதான் தோணுது."
"சரிங்க, அதைச் சொன்னதுக்கு நன்றி. வேற யாருக்காவது இப்படி ஒப்பிட்டுப் பாக்கற எண்ணம் வந்துச்சா?"

இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: நேரடியாக உணர்ந்தது, அதைச் சுற்றி மனம் கட்டியது, அது அன்றாட வாழ்க்கையோடும் பாடத்தோடும் தொடும் இடம். தாடைக்கு அடுத்து "சின்ன வயசுலயும் இப்படி ஒப்பிட்டுப் பாப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகப் போட்டால் வகுப்பு சிகிச்சை அறையாகிவிடும். எங்கே நிறுத்துவது என்பதைப் புத்தகம் படித்தோ வீடியோ பார்த்தோ பழக முடியாது. பேசிப் பழகி, பேசியதை இன்னொருவர் சுட்டிக்காட்ட வேண்டும்.

எம்பிஎஸ்ஆர் வழி

எம்பிஎஸ்ஆர் என்பது மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. எட்டு வாரம், வாரம் இரண்டரை மணி நேரம், ஆறாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் நடுவில் ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, வீட்டில் தினமும் ஏறக்குறைய 45 நிமிடம். யாருக்கு நடத்தலாம் என்பதில் கட்டுப்பாடு குறைவு. வலியோடு வருபவரும் வேலை நெருக்கடியோடு வருபவரும் ஒரே வட்டத்தில் உட்காரலாம்.

ஆசிரியராக வேண்டுமென்றால் முதலில் இதே எட்டு வாரத்தை மாணவராக முடிக்க வேண்டும். பிறகு சில நாள் நீளும் மௌன முகாம், அடிப்படைப் பயிற்சி, அதன்பின் மேற்பார்வையோடு சொந்த வகுப்பு. பிரவுன் பல்கலைக்கழக மைண்ட்ஃபுல்னஸ் மையம் போன்ற இடங்கள் இந்த வரிசையில்தான் நடத்துகின்றன. அவசரப்படாமல் போனால் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும்.

இதன் பலம், சக பயிற்சியாளர்களுக்கு முன்னால் நடத்திக் காட்டும் பயிற்சி. நான்கைந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் பத்து நிமிடம் நடத்துவார், மற்றவர்கள் உண்மையாகவே பயிற்சி செய்வார்கள், முடிந்ததும் கருத்துச் சொல்வார்கள். பலவீனம், நீளம். இரண்டரை மணி நேர வகுப்புக்குப் பழகியவர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் திணறுவார். தியானத்தைக் காப்பாற்றுவதற்காக உரையாடலை வெட்டுவார். மாணவர் கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு அந்த உரையாடலில்தான் நடக்கிறது. நேரம் குறைவென்றால் தியானத்தை 15 நிமிடமாகச் சுருக்கிவிட்டு உரையாடலுக்கு 20 நிமிடம் வைப்பது நல்லது.

எம்பிசிடி வழி

எம்பிசிடி என்பது மைண்ட்ஃபுல்னஸை அறிவாற்றல் சிகிச்சையோடு இணைக்கும் பயிற்சி. உளவியலாளர்கள் ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும், மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுக்க உருவாக்கியது. இதுவும் எட்டு அமர்வுதான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். குழு சிறியது, சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். எம்பிஎஸ்ஆர் பயிற்சிகளோடு, எண்ணங்களை எண்ணங்களாகப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சைப் பகுதியும், வேலைக்கு நடுவே மூன்று நிமிடம் நின்று மூச்சைக் கவனிக்கும் 'மூச்சு இடைவெளி'யும், மனச்சோர்வு திரும்பும் அறிகுறிகளை எழுதி வைத்து அதற்கு என்ன செய்வது என்ற திட்டமும் உண்டு.

ஆராய்ச்சி ஆதாரத்தில் இது முன்னால் நிற்கிறது. 2000-இல் வந்த முதல் பெரிய சோதனையில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்தவர்களிடம் நோய் திரும்புவது 66 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டே முறை வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2004-இல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதைப் பரிந்துரைத்தது. 2015-இல் 424 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தொடர்ந்து மருந்து சாப்பிடுவதைவிட இது மேல் என்று நிரூபணமாகவில்லை. இரண்டிலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. மருந்தை நிறுத்தச் சொல்ல இதை ஆதாரமாகக் காட்டும் ஆசிரியர் யாராயிருந்தாலும் விலகி நில்லுங்கள்.

மனநலத் துறையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மற்றவர்களுக்குச் சிக்கல். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டபின் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பின்னணி இல்லாமல் பாடப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வகுப்பை நடத்துவது ஆபத்து.

இரண்டு வருட இணையப் பயிற்சி

அமெரிக்கத் தியான ஆசிரியர்கள் ஜாக் கார்ன்ஃபீல்டும் தாரா பிராக்கும் நடத்தும் இரண்டு வருட ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி இந்த வகையில் பலரும் அறிந்தது. பௌத்த விபாசனா தியான மரபிலிருந்து வருவதால் கருணை, மன்னிப்பு, கடினமான உணர்ச்சிகளோடு இருப்பது ஆகியவை இங்கே ஆழமாக வரும். எம்பிஎஸ்ஆரில் இந்த அளவுக்கு வராது. எட்டு வாரச் சட்டகம் கிடையாது, உங்கள் வகுப்பை நீங்களே வடிவமைக்கலாம்.

அந்தச் சுதந்திரமே வினையாகவும் முடியும். எந்தப் பயிற்சிக்குப் பின் எதை வைப்பது என்ற வரிசை தெரியாதவர் முதல் வாரமே துக்கத்தைப் பற்றிய தியானம் வைத்துவிடுவார். உடலில் நிலைகொள்ளப் பழகாதவரை உணர்ச்சிக்குள் இறக்கினால் அவர் மூழ்குவார், அடுத்த வாரம் வரமாட்டார். சேர்வதாக இருந்தால் வழிகாட்டியோடு சிறு குழுவாகச் சந்திக்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். பிரபலங்களின் பதிவுரைகள் நன்றாகவே இருக்கும். ஆனால் அவை உங்கள் வகுப்பைப் பார்க்கப் போவதில்லை.

பள்ளி வழி

2009-இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் இன் ஸ்கூல்ஸ் ப்ராஜெக்ட், பதின்வயதினருக்கென்று தயார் நிலைப் பாடங்களை வைத்திருக்கிறது. ஸ்லைடு, கதை, சிறு பயிற்சி எல்லாம் கையில் கொடுத்துவிடுவார்கள். நான்கு நாள் பயிற்சி போதும், ஆனால் அதற்குமுன் எட்டு வார வகுப்பும் சொந்தப் பயிற்சியும் வேண்டும். வகுப்பறையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த பள்ளி ஆசிரியருக்கு இது வசதி. பெரியவர்களுக்கு மட்டுமே நடத்திப் பழகியவர் முப்பது பிள்ளைகள் முன்னால் "கண்ணை மூடுங்கள்" என்று சொன்னால் சிரிப்பொலிதான் பதிலாக வரும்.

ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. 2022-இல் முடிவு வெளியான மிரியட் ஆய்வு, 8,000-க்கும் அதிகமான 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பாடங்களைச் சோதித்தது. பள்ளிகள் வழக்கமாக நடத்தும் மனநலப் பாடங்களைவிட அதிகப் பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. விரும்பி வந்த பெரியவர்களுக்கு வேலை செய்வது, கட்டாயமாக உட்கார வைத்த பிள்ளைகளுக்கும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரும் குழுவாக நடத்த முடியுமா என்று பள்ளியிடம் பேசிப் பாருங்கள்.

விபாசனா முகாம் மரபு

பத்து நாள் முகாம் இரண்டு மூன்று முடித்தவர்கள் "இனி நான் சொல்லித்தரலாமே" என்று கேட்பதால் இதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழி முகாம்களில் தினம் பத்து மணி நேரத்துக்குக் கிட்ட உட்காருவீர்கள். பயிற்சியின் ஆழத்தில் மேலே சொன்ன எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் அங்கே கற்பித்தல் கோயங்காவின் பதிவு செய்த குரலில் நடக்கிறது. நியமிக்கப்பட்ட உதவி ஆசிரியர்கள் சந்தேகம் தீர்ப்பார்கள். முகாமுக்கு வந்தவர் தானாகவே பிறருக்குக் கற்பிப்பதை அந்த மரபு ஏற்பதில்லை. ஆகவே இதை உங்கள் சொந்தப் பயிற்சிக்கான உரமாக எடுத்துக்கொள்ளலாம், ஆசிரியர் தகுதியாகக் காட்டக்கூடாது.

குறுகிய காலச் சான்றிதழ்

பதிவு வீடியோ, பல்விடைத் தேர்வு, அச்சிட்டு மாட்ட ஒரு தாள். ஏற்கெனவே மனநல ஆலோசகராகவோ யோகா ஆசிரியராகவோ இருப்பவர், கூட்டத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடப் பயிற்சி நடத்த இது போதும். எட்டு வார வகுப்பு நடத்தப் போதாது. பிரிட்டனின் மைண்ட்ஃபுல்னஸ் துறை அமைப்பான பாம்பா வகுத்த நல்நடைமுறை குறைந்தது 12 மாதப் பயிற்சி, தினப் பயிற்சி, முகாம், தொடர் மேற்பார்வை என்று கேட்கிறது. அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த வகையில் முதலில் விட்டுப்போவது பாதுகாப்பு. பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவருக்குக் கண்ணை மூடி உடலைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பலாம். சேர்வதற்கு முன்பே தனியாகப் பேச வேண்டும். கண் திறந்திருக்கலாம், மூச்சுக்குப் பதில் பாதத்தையோ கைகளையோ வெளிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடியுங்கள்" என்பது இங்கே மிகத் தவறான அறிவுரை.

எதில் சேர்ந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியது

பத்து நிமிடப் பாடி ஸ்கேனை, தாளைப் பார்க்காமல், நீங்களும் செய்துகொண்டே பேசிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பயிற்சி செய்யுங்கள். தாளைப் படித்தால் வேகம் கண்ணிலிருந்து வருகிறது, உடலிலிருந்து வருவதில்லை. கேட்கும்போது அது பளிச்சென்று தெரியும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று நான்கு மூச்சாவது இருக்கிறதா பாருங்கள். "இப்போது தோள் தளர்கிறது" போன்று நடக்கும் என்று நீங்களே முடிவு செய்த வரிகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த பதிவில் "தோள் எப்படி இருக்கிறது?" என்று மாற்றுங்கள். தூக்கம் வரவழைக்கும் குரலும் ஒரு பிழைதான். சாதாரணமாகப் பேசும் குரலே போதும்.

அப்படியானால் யாருக்கு எது?

மருத்துவர், உளவியலாளர் என்றால் எம்பிசிடி. பொதுவாகப் பெரியவர்களுக்கு என்றால் எம்பிஎஸ்ஆர். சந்தேகத்தில் இருப்பவர்களும் இதையே எடுக்கலாம், ஏனென்றால் எட்டு வார வகுப்பை மாணவராக முடித்திருப்பது எம்பிசிடிக்கும் பள்ளி வழிக்கும் மாறும்போதும் கைகொடுக்கும். பல வருடம் முகாம் போய் வந்தவருக்கு இரண்டு வருடப் பயிற்சி சலிக்காது.

பயிற்சித் தரம் உயர்ந்தால் மாணவர் பலனும் அதே கணக்கில் உயரும் என்று ஆய்வுகள் நிறுவிவிடவில்லை. எம்பிஐ-டாக் மதிப்பெண்ணுக்கும் மாணவர்கள் பெற்ற பலனுக்கும் தொடர்பு தென்படவில்லை என்று 2017-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு சொன்னது. அதில் பங்கேற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள் என்பதால், பயிற்சியே வேண்டாம் என்று அதை வளைத்துப் படிக்க இடமில்லை.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: நான் வகுப்பு எடுப்பதை யார் பார்ப்பார்? எத்தனை நிமிடம்? கருத்தை எழுத்தில் தருவாரா? அவர் கடைசியாக எப்போது எட்டு வார வகுப்பு நடத்தினார்? "வீடியோ அனுப்புங்கள், எங்கள் குழு பார்க்கும்" என்று பதில் வந்தால் அந்தக் குழுவில் ஒருவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அடுத்த நிறுவனத்துக்குப் போகலாம்.