கார் ஏசி ரிப்பேர்: டாப்-அப் கேன்ல ஆரம்பிச்சு கம்ப்ரசர் வரைக்கும், எதுக்கு காசு குடுக்கலாம் எதுக்கு வேணாம்

ஏசியில கூலிங் கொறைஞ்சுதுன்னு வண்டிய எங்க கொண்டு போனாலும் மொதல்ல வர்ற வார்த்தை "கேஸ் போட்டுடலாம்". கேஸ்னா கூலிங் தர்ற கேஸ், அது ஒண்ணும் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ந்து போறது இல்லைங்க, மூடின லைனுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கறது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல கொஞ்சூண்டு கசியும், அது சகஜம். ஆனா போட்ட கேஸ் சில மாசத்துலயே போயிடுச்சுன்னா எங்கயோ லீக் இருக்கு, அதைப் பாக்காம திரும்பத் திரும்ப கேஸ் போடறது பஞ்சர் ஒட்டாம காத்து மட்டும் அடிக்கிற கதைதான்.

கேஸ் பேச்சுக்கே போறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட செலவே இல்லாத ரெண்டு மூணு விஷயம் இருக்கு. டேஷ்போர்டு க்ளவ் பாக்ஸ் பின்னாடி கேபின் ஃபில்டர் இருக்கும், நிறைய வண்டில கையாலயே கழட்டலாம், அது தூசி அடைச்சுப் போச்சுன்னா காத்தே வராது, ஆளு கூலிங் இல்லைன்னு நெனச்சுப்பாரு. ஓடும்போது சில்லுனு இருந்து சிக்னல்ல நின்னா மட்டும் சூடா வருதுன்னா கண்டென்சர் (கேஸோட சூட்ட வெளிய தள்ற, ரேடியேட்டர் மாதிரி இருக்கறது) ஃபேனையும், முன்னாடி கண்டென்சர்ல படிஞ்சிருக்கற மண்ணு பூச்சியையும் பாருங்க. பிரஷர் வாஷர வச்சு கிட்டக்க அடிச்சா அதோட மெல்லிசு தகடு (ஃபின்) மடங்கிடும், சாதா ஹோஸ் தண்ணி போதும். கேஸ அழுத்தி சுத்த விடற கம்ப்ரசர் ஆனே ஆகலைன்னா ஃப்யூஸ், ரிலே ரெண்டையும் பாத்துடுங்க.

அடுத்து அந்த நாமளே போட்டுக்கற டாப்-அப் கேன். சீப்பு, உண்மைதான். ஆனா எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. அதுல வர்ற கேஜ் லோ சைடு (பிரஷர் கம்மியா இருக்கற பக்கம்) பிரஷர மட்டும்தான் காட்டும், உள்ள எத்தன கிராம் இருக்குன்னு சொல்லாது. சின்ன கார்ல மொத்தமே 400, 500 கிராம் அளவுக்குத்தான் கேஸ் இருக்கும், அதுல கொஞ்சம் கூடிப் போனாலும் கூலிங் கொறையும், கம்ப்ரசர் மேல லோடும் ஏறும். லீக்க அடைக்கற சீலன்ட் கலந்த கேன்னா கண்டிப்பா தொடாதீங்க, அது எக்ஸ்பான்ஷன் வால்வ (கேஸ அளவா உள்ள விடற சின்ன வால்வு) அடைச்சுடலாம், அப்புறம் கேஸ வெளிய இழுக்கற ரெகவரி மெஷினும் கெட்டுப்போகும்னு நிறைய கடைல வண்டியவே தொட மாட்டாங்க. இன்னொண்ணு, பானட்டுக்குள்ள ஸ்டிக்கர்ல கேஸ் பேரும் கிராமும் எழுதியிருக்கும், அதைப் படிங்க. பழைய வண்டினா பெரும்பாலும் ஆர்-134ஏ, புதுசுல சிலதுல ஆர்-1234ஒய்எஃப். ரெண்டாவது ரொம்ப காஸ்ட்லி, அதுக்காக 134ஏவ அதுல ஏத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

அந்த ரெகவரி மெஷின் வச்சு பண்ற இடம் இருந்தா அங்க காசு குடுக்கறது வொர்த். பழைய கேஸ வெளிய இழுக்கும்போது எவ்ளோ வந்துச்சுன்னு மெஷின் எடை காட்டும், அந்த நம்பர கேட்டு வாங்குங்க. 500 கிராம் வண்டில 480 வந்துச்சுன்னா பிரச்சன கேஸே இல்ல, வேற எங்கயோ. அப்புறம் லைன்ல இருக்கற காத்த உறிஞ்சி எடுக்கற வேக்யூம் குறைஞ்சது அரை மணி நேரமாவது போடணும், உள்ள இருக்கற ஈரம் அப்பதான் ஆவியாகி வெளிய வரும். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன்னு சொல்ற இடத்துக்கு நான் போறதே இல்ல.

லீக் கண்டுபிடிக்க ஏசி வேலை மட்டுமே பாக்கற சின்ன ஒர்க்‌ஷாப்தான் என் சாய்ஸ். எங்க வண்டிக்கு ஒரு பெரிய இடத்துல கண்டென்சரையே மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்தாங்க. ஏசி மெக்கானிக் அண்ணன் டார்ச் அடிச்சு பைப் ஜாயின்ட்ட மட்டும் பாத்தாரு, ஒரு எடத்துல பிசுபிசுன்னு எண்ணெயில தூசி ஒட்டியிருந்துச்சு. கேஸோட சேந்து ஆயிலும் சுத்தறதால கசியற எடத்துல இப்படி கறை விழும்னு சொல்லிட்டு, லைன்ல நைட்ரஜன் ஏத்தி சோப்பு தண்ணி தெளிச்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல, அப்புறம் ஜாயின்ட் ஓரமா குட்டி குட்டியா நுரை கிளம்புச்சு. கழட்டினா ஓ-ரிங் தட்டையாகி கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சு. புதுசுல ஆயில் தடவி மாட்டி, வேக்யூம் போட்டு, தராசுல வச்சு ஸ்டிக்கர் அளவுக்கு கேஸ் ஏத்தினாரு. இப்ப வரைக்கும் நல்லா ஓடுது.

கம்ப்ரசர் போச்சுன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ஏசி ஆஃப்ல இருந்தாலும் கரகரன்னு சத்தம் வந்தா புல்லி பேரிங்கா இருக்கலாம், கம்ப்ரசர ஆன் பண்ற கிளட்ச் காயில் மட்டும் கூட போயிருக்கலாம், பல மாடலுக்கு இதெல்லாம் தனியா கெடைக்கும். நெசமாவே ஜாம் ஆகியிருந்தா ரீகண்டிஷன் கம்ப்ரசர் போடலாம், வாரண்டி எழுதி வாங்கிட்டு. ஆனா உள்ள உடைஞ்ச இரும்புத் துகள் லைன் முழுக்க போயிருக்கும், அதனால லைன கழுவி (ஃப்ளஷ் பண்ணி), ஈரத்த உறிஞ்சற ட்ரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாத்தியே ஆகணும், கண்டென்சர ஃப்ளஷ் பண்ணி முழுசா சுத்தம் பண்றதும் கஷ்டம், அதையும் மாத்த வேண்டி வரலாம். இந்த எடத்துல மிச்சம் பிடிக்கப் போனா அடுத்த கம்ப்ரசரும் போகும்.

டேஷ்போர்டுக்குள்ள காத்த குளுமையாக்கற எவாப்பரேட்டர்ல லீக்னா அதுதான் பெரிய செலவு, நிறைய வண்டில டேஷ்போர்ட முழுசா எறக்கணும், லேபரே அதிகம். அதனால சந்தேகம்னு சொன்னா ஒத்துக்காம யூவி டை (யூவி லைட் அடிச்சா லீக் எடத்துல பளிச்சுனு தெரியற சாயம்), இல்லைன்னா கேஸ் டிடெக்டர் வச்சு காட்டச் சொல்லுங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர், வாரண்டி இருந்தா மட்டும் போங்க, அங்க பழுது பாக்கறத விட பார்ட்ட மாத்தறது தான் வழக்கம்.

வண்டிய டெலிவரி எடுக்கும்போது சென்டர் வென்ட்ல ஒரு சின்ன தெர்மாமீட்டர் சொருகி, ரீசர்குலேஷன் போட்டு பாருங்க, வெயில் எவ்ளோங்கறத பொறுத்து மாறும், ஆனா நல்லா இருக்கற சிஸ்டம் பொதுவா 5-ல இருந்து 10 டிகிரிக்குள்ள வரும். ஓட்டிப் பாத்துட்டு, நிறுத்தி ஐடில்லயும் பாத்துட்டு அப்புறம் பணம் குடுங்க.