நைரோபி கார்ஃபூர்: நம்பிப் போகலாம், ஆனால் ஒரு விஷயம்

நைரோபியில் மாதச் சாமான் எங்கே வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் கார்ஃபூர் சூப்பர்மார்க்கெட் என்பேன். பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் நாற்சந்தி என்று அர்த்தம், ஆனால் இங்கே கடையை நடத்துவது பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. துபாயைச் சேர்ந்த மஜித் அல் ஃபுத்தைம் குழுமம் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையோடு 2016இல் கேரன் பகுதியிலுள்ள ஹப் மாலில் முதல் கடையைத் திறந்தது. அப்புறம் உள்ளூர் சூப்பர்மார்க்கெட் ஜாம்பவான் நகுமாட் கடனில் மூழ்கியபோது, திக்கா ரோடு மாலில் அது காலி செய்த இடத்துக்கே இவர்கள் வந்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது, வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக வெளிநாட்டுச் சரக்கை மட்டும் அடுக்கிவைக்காததுதான். உகாலி என்ற களிக்கு வேண்டிய சோள மாவு, சுகுமா விக்கி கீரை, கென்யத் தேயிலை எல்லாம் பாஸ்தா பாக்கெட்டுகளோடு ஒரே கூரையின் கீழ் கிடைக்கும், ஒரே நடையில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆர்ச்சர்ட்ஸ் என்ற தயிர் நிறுவனத்திடம் கார்ஃபூர் தள்ளுபடி, இலவசச் சரக்கு என்று நெருக்கியது அதிகார துஷ்பிரயோகம் என்று கென்யப் போட்டி ஆணையம் சொன்னது, 2021இல் தீர்ப்பாயமும் அதையே உறுதி செய்தது. குறைந்த விலைக்கான பாரத்தைச் சின்ன உற்பத்தியாளர் தலையில் ஏற்றினால் அது எனக்கு வேண்டாம். அதனால் தயிரையும் பாலையும் மட்டும் பக்கத்துக் கடையில் வாங்குகிறேன்.

போகும்போது துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 2017 முதல் இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை.