மூன்று குளிர்காலம் ஓட்டிய பிறகு: ஸ்மார்ட் சார்ஜிங் பற்றி என் அனுபவம்

லண்டனில் ஹாரோ பக்கம் குடியிருக்கிறோம். 2022 செப்டம்பரில் மின் காருக்காக வீட்டு வாசலில் 7.4 கிலோவாட் ஸ்மார்ட் சார்ஜர் மாட்டினோம்; எப்போது ஏற்றுவது என்பதை இணையம் வழியாகத் தீர்மானிக்கக்கூடிய சார்ஜர் அது. காரின் பேட்டரி 64 யூனிட். முதல் மாதமே இதை எழுதியிருந்தால் பில் குறைந்த கதையோடு முடித்திருப்பேன். மூன்று குளிர்காலம் போன பிறகுதான் சொல்ல வேண்டியது வேறு என்று புரிந்தது.

பில் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது என் திட்டத்தில் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை யூனிட் 7 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), பகலில் 27 பென்ஸ். வருடம் சுமார் 9,000 மைல் ஓட்டுகிறோம். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் 2,700 யூனிட் வருகிறது. இரவு விலையில் 190 பவுண்டுக்குள் முடிகிறது. இதையே பகல் விலையில் ஏற்றினால் 730 பவுண்டு.

தினசரி வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாலை வந்ததும் கேபிளைச் செருகுவேன். ஆப்பில் இரண்டே விஷயம்: 80 சதவீதம் வேண்டும், காலை 7 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். எந்த அரை மணி நேரத்தில் ஏற்றுவது என்பதை மின் நிறுவனத்தின் கணினி முடிவு செய்கிறது. 11.30-க்குத் தொடங்கி 1 மணிக்கு நின்று, மறுபடி 3.30-க்குத் தொடங்கும் நாளும் உண்டு. மொத்த விற்பனைச் சந்தையில் மின்சாரத்துக்கு அரை மணிக்கு ஒரு விலை; காற்றாலைகள் நன்றாக ஓடினால் விலை இறங்கும், கார் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். பலமாகக் காற்றடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலில்கூட குறைந்த விலைக்கு ஏறியிருக்கிறது.

மாட்டும்போதுதான் சிரமப்பட்டோம். 1930-களில் கட்டிய வீடு. எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகும் மின்சாரமும் எங்கள் வீட்டு இணைப்பின் வழியாகத்தான் போகிறது என்றார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள், மெயின் ஃபியூஸ் 60 ஆம்ப்ஸ். சார்ஜர் மட்டுமே 32 ஆம்ப்ஸ் இழுக்கும், குளியலறை மின் ஷவர் இன்னொரு 40. விநியோக நிறுவனம் வந்து முன்வாசலைத் தோண்டி, தனி இணைப்புக் கொடுத்து, ஃபியூஸையும் மாற்றியது. பணம் வாங்கவில்லை, ஆனால் ஏழு வாரம் ஆனது. அதுவரை சாதாரண மூன்று முள் பிளக்கில் ஏற்றிச் சமாளித்தோம். மெயின் ஒயரில் ஒரு சென்சார் மாட்டியிருக்கிறார்கள். யாராவது ஷவரைப் போட்டால் சார்ஜர் தானாகவே தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். பழைய வீடு உள்ளவர்கள் கார் வாங்கும் முன்பே மீட்டர் பெட்டியை ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நான் வளர்ந்தது உசிலம்பட்டி பக்கம். மாலை ஏழு மணிக்கு லோ வோல்டேஜ் வந்தால் டியூப்லைட் கண்ணடிக்கும், மிக்சி ஓடாது. கோடையில் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டால் லைன்மேனுக்காகத் தெருவே காத்திருக்கும். அதனாலோ என்னவோ, இரவில் கார் ஏறும்போது என் நினைப்பு எங்கள் தெருக் கேபிளின் மேல்தான் இருக்கிறது. ஒரு 500 கேவிஏ (ஏறக்குறைய 500 கிலோவாட்) டிரான்ஸ்பார்மர் இங்கே இருநூறு வீடுகளுக்குக்கூட மின்சாரம் கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பும் ஹீட்டரும் போடமாட்டார்கள் என்பதால், வீட்டுக்குச் சராசரியாக 2 கிலோவாட்டுக்குள் கணக்குப் போட்டு அமைத்தவை இவை. என் சார்ஜர் ஒன்றே 7.4. எழுபது கார்கள் ஒன்றாகத் தொடங்கினால் அந்த டிரான்ஸ்பார்மரின் முழுக் கொள்ளளவும் கார்களுக்கே போய்விடும்.

இங்கே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2013 முதல் 2015 வரை 'மை எலெக்ட்ரிக் அவென்யூ' என்ற திட்டத்தில் ஒரே தெருவில் பல வீடுகளுக்கு நிசான் லீஃப் மின் கார் கொடுத்து அளந்தார்கள். 40 முதல் 70 சதவீத வீடுகளில் மின் கார் வந்தால், பிரிட்டனின் தெருக் கேபிள்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றை வலுப்படுத்த வேண்டியிருக்கும் என்று வந்தது. அதுவும் 3.5 கிலோவாட் சார்ஜரை வைத்துப் போட்ட கணக்கு!

மலிவு விலை 11.30-க்குத் தொடங்குகிறது என்றால் எல்லாக் காரும் 11.30-க்கே தொடங்கப் பார்க்கும். மாலை நெரிசலைக் கொண்டுபோய் நடுராத்திரியில் வைத்ததுபோல் ஆகிவிடும். 2022 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை யோசித்திருக்கிறது. புதிய வீட்டு சார்ஜர்கள், நாமாக மாற்றாதவரை, வார நாட்களில் காலை 8–11, மாலை 4–10 நேரத்தைத் தவிர்க்கும். தொடக்கத்தையும் 10 நிமிடம் வரை ஏதோ ஒரு அளவில் தள்ளிப்போடும். ஆப்பில் 11.30 என்று காட்டியும் 11.37-க்கு ஏறத் தொடங்கினால் பழுது என்று நினைத்து போன் போடாதீர்கள். நான் போட்டேன்.

ஆனாலும் ஒரு குறை மனதில் நிற்கிறது. கார் கேட்டு நடக்கும் அந்த விலைக்கு என் தெரு தெரியாது. ஸ்காட்லாந்தில் காற்றடித்தால் எங்கள் தெருவின் எல்லாக் காருக்கும் அதே மலிவான அரை மணிதான் கிடைக்கும். "இந்தத் தெருவில் இப்போது வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்து" என்று உள்ளூர் டிரான்ஸ்பார்மரின் நிலையைப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் இதனோடு சேர வேண்டும். அப்படி வந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன், தள்ளுபடி இல்லாவிட்டாலும்.

ஒருமுறை மோசமாக மாட்டிக்கொண்டேன். 2024 பிப்ரவரியில் காலை ஐந்து மணிக்கு அம்மாவை அழைத்துவர ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கிளம்பினால், கார் 19 சதவீதத்தில் நிற்கிறது. இரவில் சார்ஜருக்கு இணையம் அறுந்திருக்கிறது. ஏறவும் இல்லை, ஒரு தகவலும் வரவில்லை. வழியில் பொது சார்ஜரில் யூனிட் 79 பென்ஸ் கொடுத்து ஏற்றினேன். அப்புறம் கேட்டதற்கு, இணையம் இல்லாதபோதும் இயங்க ஒரு நேர அட்டவணையை சார்ஜரிலேயே போட்டு வைக்கலாம் என்றார்கள். இதை மாட்டிய அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? இன்னொன்று, காரிலேயே இருக்கும் டைமரை அணைத்துவிடுங்கள். இரண்டு டைமரும் ஒன்றையொன்று தடுத்தால் விடிய விடியக் கேபிள் சும்மா தொங்கும்.

போன மாதம் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணாவும் மின் கார் எடுத்தார். "தம்பி, காலமை எழும்பிப் பார்க்கேக்க சார்ஜ் ஏறாமல் கிடந்தா நான் என்னெண்டு வேலைக்குப் போறது?" என்றார். அவர் கடை திறப்பது ஐந்தரைக்கு. தயார் நேரத்தை 4.45 என்று வைத்து, அந்த நேர அட்டவணையையும் சார்ஜரில் போட்டுக்கொடுத்தேன். முதல் வாரம் தினமும் நாலரைக்கு எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாராம். இப்போது பார்ப்பதில்லை.