4 வோல்ட்டில் 4 ஆம்பியர்: சூட்டுக்கம்பிக்கு ஏற்ற சுவிட்ச் எது?

கொலுவுக்குத் தெர்மகோலில் கோபுரம் செய்வதற்காக, கையில் பிடித்து வெட்டும் பேட்டரி சூட்டுக்கம்பி ஒன்றை நானே செய்துகொண்டேன். ஒரு 18650 லித்தியம் செல், 20 செ.மீ. நீளத்தில் 24 கேஜ் நைக்ரோம் கம்பி, ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.9 ஓம் என்பதால், 3.7 வோல்ட்டில் 4 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும். செல்லையும் கம்பியையும் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டேன். சுவிட்சைத்தான் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் போட்டது ரேடியோ, ரிமோட் போன்றவற்றில் இருக்கும் சிறிய புஷ் பட்டன். அந்த வகைப் பட்டன்கள் பெரும்பாலும் 12 வோல்ட், 50 மில்லி ஆம்பியருக்கானவை. இரண்டாவது துண்டை வெட்டும்போதே அதன் தலை இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இதை ஒரு தேர்வாகவே கருத வேண்டாம்.

அடுத்தது, 250 வோல்ட் ஏசி, 6 ஆம்பியர் என்று முதுகில் அச்சிட்ட ராக்கர் சுவிட்ச். ஏசி மதிப்பீட்டை நம்பி டிசியில் போடக்கூடாது என்று சொல்வார்கள். ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தொடுமுனைகளுக்கிடையே எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும், டிசியில் அந்த வாய்ப்பு இல்லை என்பது அதற்கான காரணம். 48 வோல்ட் பேட்டரிக்கு அது மிகவும் முக்கியமான எச்சரிக்கை. ஆனால் வெள்ளித் தொடுமுனைகளில் அந்தத் தீப்பொறி நிலைத்து நிற்கவே ஏறத்தாழ 12 வோல்ட் தேவைப்படுகிறது. ஒற்றைச் செல்லின் 4 வோல்ட்டில் அது நிற்பதில்லை. ஆகவே நம் கருவியில் கவனிக்க வேண்டியது தீப்பொறியை அல்ல, தொடுமுனையின் மின்தடையை.

230 வோல்ட் விளக்கில் சுவிட்ச் 0.2 வோல்ட்டை விழுங்கினாலும் யாருக்கும் தெரியாது. 3.7 வோல்ட்டில் அதே 0.2 வோல்ட் போனால், கம்பியில் உண்டாகும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அத்துடன் 0.8 வாட் வெப்பம் சுவிட்சுக்குள்ளேயே தங்கும். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். கம்பி சூடாக இருக்கும்போது மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு கால்களில் வைத்தால், அது விழுங்கும் மில்லிவோல்ட் நேரடியாகத் தெரியும். என் ராக்கர் சுவிட்ச் புதிதில் 60 காட்டியது, ஐந்து மாதம் கழித்து 200. தெர்மகோல் தூசியும் அடிக்கடி போட்டு அணைப்பதும் சேர்ந்து தொடுமுனையைக் கெடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கம்பி மெதுவாக வெட்டத் தொடங்கியதற்கு நான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிக்ஸியின் பாதுகாப்புப் பூட்டு போன்ற இடங்களில் வரும் 16 ஆம்பியர் மைக்ரோ சுவிட்ச் இதைவிட நல்லது. 'டக்' என்று பாய்ந்து மூடும் அமைப்பு என்பதால் தொடுமுனை அரைகுறையாகத் தொடுவதில்லை. அழுத்தும்வரைதான் மின்சாரம் போகும் என்பதும் கைக்கருவிக்குப் பொருத்தம். சால்டரிங் அதிகம் பழகாதவர்களுக்கு இதையே சொல்வேன். நண்பர் ஒருவரின் கருவியில் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்ததற்கு மேல் எனக்கு இதில் அனுபவம் இல்லை.

நான் இப்போது வைத்திருப்பது மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச். கம்பிக்கான 4 ஆம்பியரை அது சுமக்கிறது. விரல் படும் பட்டன் அதன் கட்டுப்பாட்டுக் காலான கேட்டுக்கு மின்னழுத்தம் கொடுப்பதோடு சரி. அந்த வழியில் ஒரு மில்லி ஆம்பியர்கூட ஓடாததால், முன்பு உருகிய அதே வகைச் சிறு பட்டன் இங்கே சூடேறுவதே இல்லை; அதன் தொடுமுனை பழசாகி மின்தடை கூடினாலும் கம்பியின் சூட்டில் மாற்றம் வருவதில்லை. பராமரிப்பு என்ற ஒரே காரணத்துக்காகவே நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என் வகைக்குக் கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுமையாகத் திறக்கும். அதை ஒற்றைச் செல்லில் போட்டபோது கம்பி வெதுவெதுப்பாகவும் மாஸ்ஃபெட் தொட முடியாத சூட்டிலும் இருந்தன. ஐ.ஆர்.எல்.பி 8743 போன்ற லாஜிக் லெவல் வகையோ 4.5 வோல்ட்டிலேயே 5 மில்லி ஓமுக்கும் குறைவான தடையைத் தருகிறது. என் கருவியில் மீட்டர் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. செல் இறங்க இறங்கக் கேட்டின் மின்னழுத்தமும் இறங்கும் என்பதால், 3.3 வோல்ட்டிலேயே நிறுத்திச் சார்ஜ் செய்துவிடுகிறேன்.

கேட்டுக்கும் மாஸ்ஃபெட்டின் இன்னொரு காலான சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டனை விட்ட பிறகும் கேட்டில் மின்னூட்டம் தங்கி, கம்பி சூடாகவே இருக்கும். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே நின்றுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அப்போது பாய்வது வழக்கமான 4 ஆம்பியர்தான் என்பதால் ஃபியூஸ் போட்டிருந்தாலும் அது போகாது. அதனால் செல்லைச் சால்டர் செய்யாமல் ஹோல்டரில் வைத்து, வேலை முடிந்ததும் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.