சொகுசுக் கப்பலில் சளி, இருமல்: எந்தப் பொருள் கைகொடுக்கும், எந்த வசதியை நம்பலாம்

கப்பலில் ஏறியதும் முதலில் கண்ணில் படுவது சானிடைசர்தான். ஏறும் வாசலில், உணவுக்கூட நுழைவில், லிஃப்ட் பக்கத்தில் என்று திரும்பிய இடமெல்லாம் இருக்கும். சில கப்பல்களில் ஊழியர் ஒருவர் நின்று, கையில் தெளித்த பிறகே உள்ளே விடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது முக்கியமாக வாந்தி, பேதிக்காக வந்த ஏற்பாடு. சளியும் ஃப்ளூவும் கோவிடும் பெரும்பாலும் மூச்சுக்காற்றோடு பரவுகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் இருமும்போது உங்கள் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் வசதியையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடை போட்டிருக்கிறோம். அடுத்தவர் விட்ட மூச்சு உங்கள் மூக்கை எட்டுவதை இது குறைக்கிறதா? நோய் வந்துவிட்டால் உடம்பைத் தேற்ற உதவுகிறதா?

கப்பலைத் தேர்வு செய்யும்போது பலர் பார்ப்பது சுகாதார மதிப்பெண். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வு செய்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. சமையலறை, குடிநீர், நீச்சல்குளம் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அந்தத் திட்டத்தின் நோக்கம் வயிற்று நோய்களைத் தடுப்பது. 98 வாங்கிய கப்பலின் நாடக அரங்கிலும் இருமல் தாராளமாகப் பரவும். சானிடைசரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ளூ, கோவிட் கிருமிகளை 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் நன்றாக அழிக்கும். வாந்தி, பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸிடம் அது அவ்வளவாகச் செல்லாது. சாதாரண சளியைக் கொண்டுவரும் ரைனோவைரஸும் அதற்கு எளிதில் மசிவதில்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுவதே மேல்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதில் முதலிடம் தடுப்பூசிக்கு. 'இது ஃப்ளூ காலம் இல்லையே' என்ற கணக்கு கப்பலில் எடுபடாது. பூமியின் வடபாதியிலிருந்தும் தென்பாதியிலிருந்தும் பயணிகளும் ஊழியர்களும் ஒரே கூரையின் கீழ் சேர்கிறார்கள். 1998இல் அலாஸ்காவில் நடுக்கோடையில் சுற்றுலாப் பயணிகளிடையே ஃப்ளூ பெரிய அளவில் பரவியது. அதில் கப்பல் பயணிகளும் இருந்தார்கள். ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கப்பல் ஏறும் முந்தைய நாள் போட்டுக்கொண்டால் பயணத்தின் பெரும்பகுதிக்கு அது உதவாது. வயதானவர்கள் கோவிட், நிமோகாக்கல் (நிமோனியாவைக் கொண்டுவரும் ஒரு கிருமி), ஆர்.எஸ்.வி. (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பையில் வைக்கும் பொருட்களில் எங்கள் முதல் மதிப்பெண் என்95 முகக்கவசத்துக்கு. எஃப்.எஃப்.பி.2 என்ற ஐரோப்பியத் தரமும் ஏறக்குறைய அதே அளவு வடிகட்டும். நீலநிற அறுவைச் சிகிச்சைக் கவசத்தின் துணி மோசமில்லை, ஆனால் கன்னத்தின் இருபுறமும் இடைவெளி விட்டுவிடும். காற்று அந்த வழியே போகும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளது இறுக்கமாகப் பொருந்தும். அணிந்த பிறகு இரு கைகளையும் கவசத்தின் ஓரங்களில் பொத்திவைத்து பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணில் காற்று பட்டாலோ, கண்ணாடி ஆவி படிந்தாலோ மூக்குக் கம்பியை இரண்டு விரல்களால் இருபுறமும் அழுத்த வேண்டும். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூம்பு விழுந்து இரண்டு பக்கமும் ஒழுகும். அடர்ந்த தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒட்டாது. வால்வு வைத்ததை வாங்காதீர்கள். உங்களைக் காக்கும், ஆனால் நீங்கள் இருமினால் அப்படியே வெளியே விட்டுவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று, வந்துபோகும் விமானத்துக்குத் தனியாக இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு யாராலும் விடுமுறையை அனுபவிக்க முடியாது, தேவையும் இல்லை. திறந்த மேல்தளத்தில் கழற்றிவிடலாம். எங்கே கட்டாயம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கப்பலுக்குள் எச்சரிக்கையாக இருப்பவர்கள் கப்பல் ஏறும் முனையத்தின் வரிசையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பார்கள். கரையைச் சுற்றிப் பார்க்கப் போகும் பேருந்தில் ஜன்னல் திறக்காது, உள்காற்றையே ஏசி சுழற்றிக்கொண்டிருக்கும், பயணம் ஒரு மணி நேரம்கூட நீளும். கரைக்கு அழைத்துப் போகும் சிறு படகும் அதே கதைதான். லிஃப்ட், நாடக அரங்கு, சூதாட்டக்கூடம் ஆகியவை அடுத்த நிலை. முடிந்தவர்கள் லிஃப்டை விட்டுப் படியேறிவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டரை நாங்கள் பரிந்துரைக்கிறோம், ஆனால் என்95க்கு அடுத்தபடியாக மட்டுமே. மனிதர்கள் வெளிவிடும் மூச்சு ஓர் இடத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். திறந்த வெளியில் சுமார் 420 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) வரும். உள்ளே 800க்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் நன்று, 1,400ஐத் தாண்டினால் கவசத்தை எடுங்கள். வாங்கும்போது அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் உணரி உள்ளதா என்று பாருங்கள். மலிவான பல கருவிகள் வேறு வாயுக்களை அளந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுகின்றன. முதல் நாள் மேல்தளத்தில் வைத்து அளவுத்திருத்தம் செய்துகொள்ளுங்கள். புகைபோக்கி இருக்கும் பக்கம் வேண்டாம். முகத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் மூச்சையே அளக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு வரம்பும் உண்டு. நல்ல வடிகட்டி வழியாகச் சுழலும் காற்றில் கிருமி குறைந்திருக்கலாம், ஆனால் இந்த எண் குறையாது. அதனால் எண் அதிகம் என்றால் சந்தேகப்படலாம், குறைவு என்றால் ஓரளவு நிம்மதி அடையலாம்.

கேபினுக்கு ஹெப்பா (நுண்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) காற்றுச் சுத்திகரிப்பான் எடுத்துப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 17 சதுர மீட்டர் கேபினில் ஏறக்குறைய 38 கன மீட்டர் காற்று இருக்கும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர்., அதாவது கருவி தரும் சுத்தமான காற்றின் அளவு, மணிக்கு 120 கன மீட்டர் என்றால் அறைக்காற்று முழுவதையும் மணிக்கு மூன்று முறை சுத்தம் செய்யும், பயன் உண்டு. யு.எஸ்.பி.யில் ஓடும் தம்ளர் அளவுப் பொம்மைகளில் அது 20கூட இருப்பதில்லை. அவை அரை முறை சுற்றுவதற்குள் நீங்கள் பல நூறு முறை மூச்சு விட்டிருப்பீர்கள். கழுத்தில் மாட்டும் அயனிக் கருவிகளுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். எதை எடுத்துப் போனாலும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தீ விபத்து பயத்தால் கெட்டில் போன்ற சூடேற்றும் சாதனங்களைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. ஆவி பிடிக்கும் மின்கருவி பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோய்விடும்.

கேபினில் செலவே இல்லாத சில வழிகள் உண்டு. குளியலறையின் கூரையில் இருக்கும் வெளியேற்றுத் துளை பெரும்பாலும் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தாளை அதனருகே பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் வேலை செய்கிறது. ஒட்டாவிட்டால் கேபின் ஊழியரிடம் சொல்லித் தூசியைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். ஒருவருக்குச் சளி பிடித்தால் குளியலறைக் கதவைச் சற்றே திறந்து வைத்தால் அறைக்காற்று அந்தப் பக்கம் போகும். பால்கனி அறை என்றால் கதவைத் திறக்கலாம். பல கப்பல்களில் கதவைத் திறந்ததும் ஏசி தானாக நின்றுவிடும், அது பழுது அல்ல. ஆனால் பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைபாதைக் கதவைத் திறக்காதீர்கள். காற்று ஒரே மூச்சில் குறுக்கே பாய்ந்து அறைக்காற்றை நடைபாதைக்குத் தள்ளும், அல்லது அங்குள்ளதை உள்ளே இழுக்கும். கதவில் விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு. இரட்டைக் கட்டில் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். பிரித்துப் போடச் சொல்லி, ஒருவர் தலையும் அடுத்தவர் காலும் ஒரே பக்கம் வருமாறு படுக்கலாம்.

மருந்துப் பைதான் பலர் தடுமாறும் இடம். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம். அதனால் மருந்து கைப்பையில் இருக்கட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. சளிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் விழுங்கி, காய்ச்சலுக்குத் தனியாக இன்னொன்றையும் விழுங்கினால் தெரியாமலேயே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். கூட்டு மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக வாங்குவதே எங்கள் பரிந்துரை.

கப்பலுக்கே உரிய இன்னொரு சிக்கலை யாரும் எச்சரிப்பதில்லை. குமட்டலுக்குப் போடும் டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் இரண்டும் ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மருந்து) வகை. மூக்கொழுகலுக்குப் போடும் குளோர்ஃபெனிரமினும் இரவு இருமல் சிரப்புகள் பலவும் அதே வகை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தூக்கமும் தள்ளாட்டமும் வாய் வறட்சியும் கூடும், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஆடும் கப்பலில் தள்ளாட்டம் என்றால் விழுந்து எலும்பு முறிவது வரை போகும். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைக்கும் இதே எச்சரிக்கை. கடல் கொந்தளிக்கும் நாளில் குமட்டல் மாத்திரையை மட்டும் போட்டு, மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூக்கடைப்புக்கு ஆக்சிமெட்டசோலின் ஸ்ப்ரே சில நிமிடங்களில் வழிவிடும். மூன்று நாளுக்கு மேல் அடித்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும். வாய்வழி ஃபெனிலெஃப்ரின் மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு முடிவு சொன்னது. சூடோஎஃபெட்ரின் பலன் தரும், ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். சில நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. கோடீன் கலந்த இருமல் சிரப்புக்கும் அதே நிலை. கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். இருமலுக்குத் தேன் ஒரு தேக்கரண்டி நன்றாகவே வேலை செய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடாது.

கோவிடையும் ஃப்ளூவையும் ஒரே அட்டையில் காட்டும் சோதனைப் பெட்டி ஆளுக்கு இரண்டு தேவை. முதல் நாள் நெகட்டிவ் வந்தால் தப்பித்தோம் என்று பொருள் அல்ல, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஃப்ளூ உறுதியானால் ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். 'நாளை பார்ப்போம்' என்று இரண்டு நாள் கடத்துவதால்தான் இந்த மருந்து வீணாகிறது. முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா அல்லது சர்க்கரை நோய் உள்ளவர் யாரும் காத்திருக்கக் கூடாது.

இனி கப்பலின் மருத்துவ மையம். பொதுவாகக் கீழ்த்தளத்தில் இருக்கும். காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்தில் திறந்திருக்கும், அவசரத்துக்கு எந்நேரமும் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள். பெரிய கப்பல்களில் எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., அடிப்படை ரத்தச் சோதனை, ஆக்சிஜன் எல்லாம் உண்டு. சிகிச்சையின் தரத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். குறை சொல்ல வேண்டியது காத்திருக்கும் இடத்தை. சிறிய அறையில் எல்லா இருமலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நேரே போய் நிற்காமல் கேபினிலிருந்து தொலைபேசியில் அழையுங்கள், என்ன நேரத்துக்கு வரலாம் என்று சொல்வார்கள். கவசத்தோடு போங்கள். கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், சாதாரண உடல்நலக் காப்பீட்டை அங்கே பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். மருந்து, சோதனை, ஆலோசனை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரித்த ரசீதையும் மருத்துவரின் குறிப்பையும் இறங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். கேபினில் தனிமைப்படுத்தினால் இழப்பீடு, ஹெலிகாப்டர் அல்லது படகு மூலம் கரைக்குக் கொண்டுபோகும் செலவு, இந்த இரண்டும் பயணக் காப்பீட்டில் எழுதியிருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்க்க வேண்டும்.

தனிமைப்படுத்துவார்களே என்று பயந்து இருமலை மறைப்பவர்கள் உண்டு. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் தொற்றியது. மூடிய இடத்தில் தொற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஃப்ளூ வந்தவர் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். அறிகுறி வந்த பின்னும் உணவுக்கூடத்தில் உட்கார்ந்தால், பரிமாறும் ஊழியர் அதைத் தன் அடுக்குக் கட்டில் அறைக்குக் கொண்டுபோவார். அங்கே அவருக்குப் பால்கனி கிடையாது. கேபினுக்கே உணவு வரவழைப்பது பெரும்பாலான கப்பல்களில் முடியும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் வெப்பமானியும் சிறிய செலவு, பெரிய உதவி. நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் படியுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவது உண்டு. 94 என்று வந்து மூச்சும் வாங்கினால் எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், குறைந்து பின் மறுபடி ஏறும் காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவர்.

கப்பலில் பிடிக்கும் இருமல் எல்லாமே ஆளிடமிருந்து வருவதும் இல்லை. குமிழி விடும் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளோடு லெஜியோனெல்லா கிருமி நுரையீரலுக்குப் போகலாம். 1994இல் ஒரு கப்பலில் அப்படித்தான் பலருக்கு நிமோனியா வந்தது. தொட்டிக்கருகே குளோரின் வாசனையே இல்லாமல் நீர் கலங்கியிருந்தால் இறங்க வேண்டாம், பக்கத்திலும் உட்கார வேண்டாம். இந்த நோய் வெளிப்பட 2 முதல் 14 நாள் வரை ஆகும் என்பதால் வீடு திரும்பிய பிறகும் காய்ச்சல் வரலாம். அப்போது மருத்துவரிடம் கப்பலில் போனதையும் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதையும் சொல்லுங்கள். சிறுநீரில் செய்யும் தனிச் சோதனை இதற்கு உண்டு, கேட்காவிட்டால் வழக்கமாகச் செய்ய மாட்டார்கள். இதற்கான ஆன்டிபயாட்டிக்கும் வேறு.